தானாக விழுந்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சந்தேகப் பிராணி. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் காயில் இருக்காது, முள்ளில் இருக்கும். கன்னட நாட்டு ஈஜிபுராவில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறேன். அளவு பிளவுஸ் கொடுத்தாலும் டேப் வைத்து ஒரு தடவை அளக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். போன வருஷம் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்தக் குணத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. அங்கே நான் சந்தேகப்பட்டதில் பாதி சரியாகவே இருந்தது. மீதிப் பாதிக்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. அது வரும்வரை, என்னைப் போல விழுந்தவர்கள் யாருக்காவது இது உதவட்டும்.

விழுந்த கதை சின்னது. லைனிங் துணி வாங்கிக்கொண்டு அடுகோடிப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். ஓரமாக நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரின் கதவு திடீரென்று ரோட்டுப் பக்கம் திறந்தது. ஒடித்துத் திருப்பினேன். நான் கீழே, வண்டி என் வலது கால்மேல். காரில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கோ முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கார்க்காரர் இறங்கி "ஐயோ சிஸ்டர்" என்றார், அப்புறம் கூட்டத்தில் ஆளைக் காணோம். ரோட்டில் கிடந்தபடி நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்தக் கார் நம்பரைப் படித்து மனப்பாடம் செய்தது. ஜெபம் சொல்ல வேண்டிய நேரத்தில் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஆட்டோக்காரர் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் போனிலிருந்தே என் வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியசாமி. ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். காக்கிச் சட்டையைத் தூரத்தில் பார்த்தாலே ஹெல்மெட் போட்டிருக்கிறோமா என்று தலையைத் தடவிப் பார்க்கிற மனுஷன். அவர் எமர்ஜென்சி வாசலுக்கு ஓடி வந்ததை அரை மயக்கத்தில் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது காலில் ஒரு இரும்புச் சட்டம் நின்றுகொண்டிருந்தது. எலும்புக்குள் கம்பிகளைச் செருகி, அவற்றை வெளியே ஒரு தண்டில் முடுக்கியிருந்தார்கள். காயம் திறந்திருந்தால் உடனே உள்ளே பிளேட் வைக்க மாட்டார்களாம், சீழ் பிடித்தால் காலே போய்விடும் என்பதால் முதலில் வெளியே கட்டி நிறுத்திவிட்டு, புண் ஆறிய பிறகுதான் உள்ளே கை வைப்பார்களாம். நர்ஸ் சொன்னதை நான் நம்பவில்லை. இரண்டு ஆபரேஷனுக்குப் பில் போட ஒரு வழி என்று நினைத்தேன். டாப்ளர் என்று ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்று ஒலியை வைத்துப் பார்க்கிற சோதனை. "போவுறதாலதானே விரல் ஆடுது, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டேன். எடுத்த பையன் மிஷினின் சத்தத்தைக் கூட்டினான். உஷ் உஷ் என்று என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அது நின்றுபோயிருந்தால் என்று நினைத்து அழுதேன்.

தினமும் ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் எங்காவது கிருமி வேலை செய்கிறதா என்று பார்க்கிற சோதனையாம். அளவு இறங்கினால் நல்லது, ஏறினால் ஆபத்து. எனக்கு அது ஏறியும் இறங்கியும் விளையாட்டுக் காட்டியது. ஒவ்வொரு நாளும் பில் கவுண்டரிலிருந்து ஆள் வந்து, முன்பணம் தீர்ந்துவிட்டது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் எனக்குக் கால்வலி மறந்தது.

"அலமாரியிலேர்ந்து எடுத்தேன் பிலோ," என்றார் இவர். என் பெயர் பிலோமினா.

"அலமாரியில இருந்தது சீட்டுப் பணமாச்சே!"

"வேற இன்னா பண்ண சொல்ற? கட்டினாத்தான் தியேட்டருக்கு எடுத்துனு போவோம்னாங்க."

தெருப் பெண்களை வைத்து நான் ஒரு சீட்டு நடத்திக்கொண்டிருந்தேன். பூ விற்கிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், இட்லிக் கடைக்காரர் என்று எல்லாரும் என் முகத்தை நம்பிப் போட்ட காசு. அது போயிற்று. நகை அடகுக்குப் போயிற்று. அதற்கு மேல் ஃபைனான்ஸ்காரரிடம் வட்டிக்கு வாங்கினோம். பிளவுஸ் தைக்கிற பெண்ணுக்கு வலது கால் போனால் வருமானமும் போயிற்று என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நேரத்தில்தான் ஆப்பிள்காரர் வந்தார். பெயரைச் சொன்னார், நான் மறந்துவிட்டேன். கையில் ஆப்பிள் பையோடு எலும்பு வார்டில் கட்டில் கட்டிலாக நலம் விசாரிப்பார். யாருடைய சொந்தக்காரரும் இல்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சுற்றுகிறவர்.

"ஆக்சிடென்ட் கேஸா சிஸ்டர்? ஒரு பைசா நீங்க குடுக்க வேணாம். எல்லாம் எங்க லாயர் பாத்துக்குவாரு. வர்ற தொகையில கொஞ்சம் பர்சென்ட், அவ்ளோதான். இதுல ஒரு சைன் போடுங்க."

நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு குறி இருந்தது, மற்றதெல்லாம் காலி. கூடவே ஒரு காலிச் செக்கும் கேட்டார். எனக்குக் கடன் இருப்பதை எப்படியோ தெரிந்துகொண்டு இன்னொரு யோசனையும் சொன்னார்.

"கடன்காரன் தொல்லை குடுத்தா மஞ்ச கடுதாசி குடுத்துடலாம் சிஸ்டர். அதுக்கு முன்னாடி மிஷினு, வண்டி எல்லாத்தையும் தங்கச்சி பேர்ல மாத்திடுங்க. இந்த ஆக்சிடென்ட் பணம் வரப்போவுதுன்னு அங்க மூச்சு விடாதீங்க."

மஞ்சள் கடுதாசி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கடனைக் கட்ட எனக்கு வழியில்லை, என்னைத் திவாலானவள் என்று அறிவியுங்கள் என்று கோர்ட்டில் மனுப் போடுவது. "யோசிக்கிறேன்" என்று சொல்லி ஆளை அனுப்பினேன். ஆப்பிளை மட்டும் கழுவிச் சாப்பிட்டேன். சந்தேகப்பட்டேன்தான், பழத்தில் என்ன குற்றம்?

மறுநாள் கார்க்காரரே வந்தார். ஆட்டோக்காரரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தாராம். இளநீர் வாங்கி வந்திருந்தார். கேஸ் கீஸ் எல்லாம் எதற்கு, நீங்கள் தடுமாறி விழுந்தீர்கள், மனிதாபிமானத்தில் ஏதோ தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. "தடுமாறலை, உங்க கதவுதான்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து என் வீட்டுக்காரரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். இருவரும் அங்கே நின்று நெடுநேரம் பேசினார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா பேசினீங்க?"

"ஒண்ணும் இல்ல. உடம்ப பாத்துக்கோங்கன்னாரு."

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்ல அவ்வளவு நேரமா? அன்றிலிருந்து என் கண் இவர்மேலேயே இருந்தது. மத்தியானம் டிபன் கேரியரை வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று கீழே போவார். திரும்பி வரும்போது முகம் தொங்கியிருக்கும். போன் வந்தால் கையால் வாயை மூடிக்கொண்டு கன்னடத்தில் குசுகுசுவென்று பேசுவார். கேட்டால் ஸ்கூல் விஷயம் என்பார். அதே கைதான் எனக்குச் சாதத்தைப் பிசைந்து ஊட்டியது, கூச்சப்படாமல் பெட்பேன் எடுத்தது. சட்டத்தைச் சுற்றிப் பெட்ஷீட் உரசினால் வலிக்கிறது என்று சொன்னதற்காக, ஒரு அட்டைப்பெட்டியை வெட்டிக் கூடாரம் மாதிரி காலுக்குமேல் வைத்தார். வார்டில் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கோ, குற்றம் செய்தவன்தான் இவ்வளவு சேவை செய்வான் என்று தோன்றியது.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்த ஒரு காலையில் அது வெடித்தது. கூட வந்த சின்ன டாக்டர் ஃபைலைப் பார்த்து ஒப்பித்தார்: "டூ வீலர் ஸ்கிட், செல்ஃப் ஃபால்."

"எது செல்ஃப்? கார் கதவு டாக்டர்!" என்று கத்தினேன்.

அவர் தாளைப் புரட்டினார். "வழுக்கித் தானா விழுந்ததாத்தானேம்மா எழுதியிருக்கு. சேர்க்கும்போது உங்க ஹஸ்பெண்ட் சொல்லி, சைன் போட்டிருக்காரு."

இவர் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். டாக்டர்கள் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

"எவ்வளவு வாங்கினீங்க அந்தாளுகிட்ட?"

"மாதா சத்தியமா ஒண்ணும் வாங்கலை பிலோ. ஆட்டோக்காரர் சொன்னாரு, கார் கீர்னு வாயத் தொறக்காதீங்க, போலீஸ் கேஸ்னு ஆயிடும், போலீஸ் வந்து எழுதுற வரைக்கும் கை வைக்க மாட்டாங்கன்னு. ஸ்லிப்பாயி விழுந்துட்டான்னு சொன்னா ஒடனே எடுத்துக்குவாங்கன்னாரு. அதான் சொன்னேன்."

இந்தப் பேச்சு எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. அடிபட்டவர் யாராக இருந்தாலும் "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க, படியில உருண்டுட்டாங்க" என்றுதான் சொல்லிச் சேர்ப்பார்கள்.

"தெனமும் மத்தியானம் எங்க போனீங்க?"

"கேஷுவால்டிக்குத்தான். மாத்தி எழுதுங்கன்னு கேட்டுக்கினே இருக்கேன். எழுதினத அடிக்க முடியாதுன்னுட்டாங்க. போன்லயும் இந்த ஆஸ்பத்திரி ஆபீஸ்காரங்ககிட்டதான் பேசுறேன். உன்கிட்ட சொன்னா திட்டுவன்னு..."

திட்டினேன். பக்கத்துக் கட்டில் அம்மா காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குத் திட்டினேன். ஆனால் நம்பினேனா என்று கேட்டால், முழுக்க நம்பவில்லை. வராந்தாவில் அந்தத் தலையாட்டல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கார்க்காரர் சொன்ன அதே வார்த்தை, தடுமாறி விழுந்தாள், இவர் வாயிலும் எப்படி வந்தது? பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் அந்த மனுஷன் ஊட்டிய சோற்றைத் தின்றுகொண்டு கிடந்தேன்.

வழி காட்டியது சாந்தா அக்கா. எங்கள் தெருவில் பூ விற்கிறவர், என் சீட்டில் பெரிய பங்கு போட்டவர். ஒருநாள் முழம் மல்லிகையோடு வார்டுக்கு வந்தார். காசு கேட்க வந்திருக்கிறார் என்று நான் முந்திக்கொண்டு, சீட்டுப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போனதையும், மஞ்சள் கடுதாசிவரை போகலாம் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அக்கா பூவைத் தலையணை ஓரம் வைத்தார். "காசு கேக்கத்தான்டி வந்தேன், பொய் சொல்லுவானேன். பொண்ணுக்குக் காலேஜ் கட்டணும். இன்னொருத்தன் பேச்சக் கேட்டு கடுதாசி குடுத்துடாத. ஜீவனாம்ச கேஸ்ல எனக்கு ஒரு லாயர் மேடம் வந்தாங்களே, இலவச சட்ட உதவி. பொம்பளைங்களுக்குக் காசே இல்ல. நம்பர் தரேன், நீயே பேசு."

இலவசம் என்றதும் எனக்கு இன்னும் சந்தேகம். இருந்தாலும் பேசினேன். கன்னடக்காரப் பெண், ரூபா மேடம், வார்டுக்கே வந்தார். வந்தவரை நான்தான் குறுக்கு விசாரணை செய்தேன். அவர் பொறுமையாகச் சொன்னதை எழுதுகிறேன், யாருக்காவது ஆகும்.

அடிபட்டு வருகிறவருக்கு ஆஸ்பத்திரி முதலில் வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும், போலீஸுக்குத் தகவல் சொல்வது அவர்கள் வேலை, அதற்காக வைத்தியம் காத்திருக்கக் கூடாது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிச் சேருங்கள். தப்பாக எழுதிவிட்டால் அழிக்க முடியாது, ஆனால் நோயாளி இப்போது என்ன சொல்கிறார் என்று டாக்டர் புதிதாகத் தேதி போட்டு எழுதலாம். போலீஸ் புகாரைத் தாமதமாகவும் கொடுக்கலாம், ஏன் தாமதம் என்று உண்மையைச் சொல்ல வேண்டும். இழப்பீட்டு மனுவை மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் பணம் தருவது கார்க்காரர் அல்ல, அவருடைய இன்ஷூரன்ஸ். காலித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற தொகையில் இவ்வளவு பங்கு என்று வக்கீல் பேசுவதே அவர்கள் தொழில் விதிக்கு விரோதம்.

"கடுதாசி மேடம்?" என்று கேட்டேன்.

"அது வெட்கம் இல்லம்மா. நிஜமா கட்ட முடியாதவங்களுக்கு சட்டம் குடுத்த வழி. ஆனா ஒண்ணும் மறைக்க பாரதும்மா, மறைக்கக்கூடாது. வரப்போற இழப்பீடு, கடன் குடுத்தவங்க பேரு, எல்லாம் சொல்லணும். தங்கை பேருக்கு மாத்தினா கோர்ட் அதை ரத்து பண்ணும், உங்கமேல கேஸும் வரும். தையல் மிஷின் உங்க தொழில் சாமான், அதை சாதாரணமா யாரும் எடுக்கவே முடியாது. அதைப் போயி எதுக்கு ஒளிச்சு வைக்கிறது?"

கடன் கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் என்றால் சாந்தா அக்கா பெயரும். பூக்கூடையோடு வீட்டுக்கு வருகிறவருக்குக் கோர்ட் நோட்டீஸ் போகும். அதை நினைத்தால் காலைவிட நெஞ்சு வலித்தது. அக்காவிடம் திரும்பப் பேசினேன். தீர்ப்பு வரும்வரை எல்லாருக்கும் மாதாமாதம் முடிந்ததைக் கொடுப்பது, அதற்கப்புறமும் முடியாவிட்டால் அவர்களிடம் சொல்லிவிட்டே மனுப் போடுவது என்று முடிவாயிற்று. "கொஞ்சமா குடு, ஆனா கண்ணுல படுற மாதிரி குடு" என்றார் அக்கா.

புகார் கொடுத்தேன். ஒரு மருந்துக்கடைக் கேமராவில் கார்க் கதவு திறப்பது பாதி தெரிந்தது, நான் விழுவது தெரியவில்லை. போலீஸ் கார்க்காரர்மேல் வழக்குப் போட்டது, ரூபா மேடம் தீர்ப்பாயத்தில் என் இழப்பீட்டு மனுவைப் போட்டார். இரண்டாவது ஆபரேஷனும் முடிந்து, உள்ளே பிளேட்டோடு வீடு வந்து, வாக்கரில் நடந்து, அப்புறம் கைத்தடிக்கு வந்தேன். முழங்கால் பாதிக்குமேல் மடங்காது. மோட்டார் மிஷினில் இடது காலால் தைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், தையல் இன்னும் கோணலாகத்தான் ஓடுகிறது.

தீர்ப்பாயத்தில் என் சாட்சி முடிந்ததும் ரூபா மேடம் சொன்னார்: "உங்க வார்த்தைக்கு எதிரா இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. தானா விழுந்தாள்னு உங்க ஹஸ்பெண்ட் சொன்னது. அவர் கூண்டுல ஏறி அது பொய்னு ஒத்துக்கணும். ஏறுவாரா?"

எனக்குத் தெரியவில்லை. போலீஸ் வேனுக்குப் பயந்து சந்துக்குள் திரும்புகிறவர். அதோடு, கார்க்காரரிடம் ஏதாவது வாங்கியிருந்தால் அங்கே உளறிக் கொட்டிவிடுவார், அல்லது வரவே மாட்டார். சாட்சி சொல்ல வேண்டிய நாள் காலை அவர் சட்டையை இஸ்திரி போடும்போது, மடியில் கனம் இருந்தால் இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூண்டில் ஏறினார். இன்ஷூரன்ஸ் வக்கீல் ஆஸ்பத்திரித் தாளைக் காட்டினார். எல்லாம் கன்னடத்தில் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது உங்கள் கையெழுத்துத்தானே?"

"ஆமாம் சார்."

"மனைவி தானாக விழுந்தாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"நான்தான் சார்."

"அப்படியானால் அன்று சொன்னது பொய்யா, இழப்பீட்டுக்காக இன்று சொல்வது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதுதான் பொய் சார்."

"பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டீர்களா?"

இவர் என்னைப் பார்க்கவில்லை, வக்கீலையும் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"எலும்பு வெளிய வந்திருந்துச்சு சார். ரத்தம் நிக்கலை. எது சொன்னா சீக்கிரம் உள்ள எடுத்துனு போவாங்களோ அதைச் சொன்னேன். நான்தான் அவளைத் தள்ளிவுட்டேன்னு எழுதியிருந்தாலும் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

வக்கீல் அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டினார். நீதிபதி தட்டச்சு செய்கிறவரைப் பார்த்து, "அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்யுங்கள்" என்றார்.

இறங்கி வந்தவருக்குச் சட்டை முழுக்க வேர்த்திருந்தது. வராந்தாவில் என் கைத்தடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"தப்பா சொல்லிட்டனா பிலோ? கேஸ் கெட்டுடுமா?"

"இல்லங்க," என்றேன். கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.